எண் பதினேழு உள்ளே வரலாமா?

1

கப்பலில் மூன்று பேருக்கு இடம் கிடைத்துவிட்டது, குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியவன் ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று என் அண்ணன் கேட்டிருக்கிறார். அவர் மட்டுமல்ல, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எனக்குக் கடிதம் போடுகிற அத்தனை பேரும் அதையேதான் கேட்கிறார்கள். கடல் கொந்தளித்ததா, காய்ச்சலா, மேலதிகாரி விடவில்லையா என்று காரணங்களையும் அவர்களே யோசித்து அனுப்புகிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. நானே எழுதிய விதியில் நானே வசமாக மாட்டிக்கொண்டேன். ஆளுக்கொரு கடிதம் எழுதினால் கை ஓய்ந்துபோகும் என்பதால் பத்திரிகைக்கே எழுதிவிடுகிறேன். அண்ணன் வாங்கிப் படித்துக்கொள்ளட்டும்.

இந்த வாரத்தோடு நான் அந்தமானில் காலடி வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இருப்பது லாங் ஐலண்டில். போர்ட் பிளேரிலிருந்து படகில் ஒரு பகல் முழுக்கப் பயணம். ஒரு மர ஆலை, படகு அணைய ஒரு ஜெட்டி, ஒரு பள்ளிக்கூடம், வரிசையாகக் குவார்ட்டர்ஸ், மிச்சமெல்லாம் காடு. ஆலையில் நான் கிளார்க். இந்தத் தீவுக்கு வர அனுமதிக்கு ஒரு விண்ணப்பப் பாரம், தங்குவதற்கு ஒரு பாரம், ஊருக்குப் போக ஒரு பாரம், போனால் திரும்பி வர இன்னொரு பாரம். மற்றவர்கள் அதைப் பார்த்தால் தலையில் கை வைப்பார்கள். எனக்கோ ஒரு புதுப் பாரத்தைப் பார்த்தால் பாயசத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். நடந்ததற்கெல்லாம் காரணம் இந்தக் குணம்தான்.

2

தீவுகளில் சிதறிக் கிடக்கிற தமிழர்களுக்காக ஒரு செய்தி மடல் வருகிறது. போர்ட் பிளேரில் மளிகைக்கடை வைத்திருக்கும் கனி பாய் நடத்துகிறார். கடையின் பின்னறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், கையால் சுற்றி நகல் எடுக்கும் ஒரு சைக்ளோஸ்டைல் மிஷின். வாரத்துக்கு இரண்டு தாள். கப்பல் என்று வரும், யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டு ஆடு காணோம், கப்பலில் யார் தன் இடத்தை விட்டுக்கொடுக்கிறார், யாருக்கு இடம் வேண்டும். இந்தக் கடைசிச் செய்திக்காகவே மடலைப் பிடுங்கிப் படிப்பார்கள். மெயின்லேண்ட் கப்பலில் இடம் கிடைப்பது அவ்வளவு பெரிய காரியம்.

எங்களைப் போல் தள்ளி இருக்கிறவர்கள் செய்தி அனுப்புவது வயர்லெஸ்ஸில். சாயங்காலம் நாலரை மணிக்கு ஆலை வேலை முடிந்ததும், மேனேஜர் பெரிய மனசு பண்ணி எங்களுக்குக் கால் மணி நேரம் விட்டுத்தருவார். இங்கே ஆபரேட்டர் தாஸ் பாபு. வங்காளத்துக்காரர். அங்கே ஆலையின் போர்ட் பிளேர் அலுவலகத்தில் கனி பாய் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். நாம் சொல்வதை அவர் எழுதிக்கொள்வார். புதன்கிழமை அச்சாகும்.

ஒரு வாரம் மடலில் இப்படி வந்தது: "லாங் ஐலண்ட் ராமையா இல்லத்தில் வரும் ஞாயிறு காதணி விழா. அனைவரும் வருக. விருந்து உண்டு."

ராமையா எங்கள் ஆலையில் ரம்பம் தீட்டுகிறவர். அவருக்குக் குழந்தையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துத் தீவின் ரங்கத் ஊரிலிருந்து ஒரு படகு, மாயாபந்தரிலிருந்து ஒரு படகு, எல்லாரும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு ஜெட்டியில் இறங்குகிறார்கள். நாற்பது பேர். ராமையா பனியனோடு நின்று திருதிருவென்று முழிக்கிறார். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? தீவே கூடிச் சமைத்தது. மீன், மறுபடியும் மீன், ஒரு வீட்டிலிருந்து பருப்பு, இன்னொரு வீட்டிலிருந்து அரிசி. சாப்பிட்டு முடித்த ஒரு பெரியவர், "காது குத்துத புள்ள எங்க வே?" என்று கேட்டபோது ராமையா ஓடிப்போய் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு ஏற்கெனவே காது குத்தியிருந்தது. நான் சிரித்த சிரிப்பில் இரண்டு நாள் விலா வலித்தது.

ராமையா பெயரில் செய்தி கொடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் சாயங்காலமே கனி பாய் வயர்லெஸ்ஸில் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன வே கிளார்க்கு, இனிமே ஆளு நிஜமா பொய்யான்னு பாக்காம ஒரு எழுத்து எழுத மாட்டேன். நீருதான் ரூல் எழுதுத ஆளாச்சே. ஒரு புஸ்தகம் எழுதித் தாரும்."

பாயசம்!

3

அந்தப் புத்தகத்தை எழுதிய மூன்று வாரங்களில் நான் தரையில் நடக்கவில்லை. பதினான்கு பக்கம். தலைப்பு "உறுப்பினர் பதிவும் நுழைவும்: செயல்முறைக் கையேடு". ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண். எங்கள் வீட்டுக்குப் பதினேழு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ரகசியச் சொல். வயர்லெஸ் அறைக்கு வந்து எண்ணையும் சொல்லையும் சொன்னால்தான் உள்ளே நுழைந்ததாகக் கணக்கு, அதன்பிறகே செய்தி. மூன்று முறை சொல் தவறினால் அடுத்த படகு வரும்வரை அந்த எண்ணுக்குப் பூட்டு. சொல் மறந்துபோனால் இரண்டு உறுப்பினர்கள் வந்து "இவர் இவர்தான்" என்று சாட்சி சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் "வெளியேறுகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்தக் கடைசி விதியைப் பலர் கேலி செய்தார்கள். ஆனால் முதல் மாதமே ராமையா வெளியேறாமல் வெளியேறிவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற மெக்கானிக் நேராகச் செய்தியைச் சொல்ல, "மனைவி நலமாகப் பிரசவித்தாள், ஆண் குழந்தை" என்பது ராமையா பெயரில் அச்சாகிவிட்டது. மறுபடியும் ஒரு படகு நிறைய ஆள் வந்தது.

அதைவிடப் பெரிய கூத்து முதல் நாள் சாயங்காலம். எண் ஒன்று கனி பாயே. எல்லாருக்கும் முன்மாதிரியாகத் தன் ரகசியச் சொல்லைக் கணீரென்று சொன்னார். தாஸ் பாபு என்னைப் பார்த்தார். நான் ஒலிபெருக்கியைப் பார்த்தேன். அறைக்கு வெளியே திண்டில் உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பேரும் அதைக் கேட்டார்கள். ரங்கத்திலும் மாயாபந்தரிலும் வயர்லெஸ் செட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் கேட்டிருப்பார்கள். வயர்லெஸ் என்றால் எல்லாருக்கும் கேட்கும் என்பது அத்தனை தீவுக்கும் தெரியும். பதினான்கு பக்கம் எழுதிய எனக்கு மட்டும் அது தோன்றவே இல்லை.

உடனே ஒரு பின்னிணைப்பு எழுதினேன். ஒருமுறை சொன்ன சொல் செத்த சொல். அடுத்த சொல்லை உறையில் போட்டு ஒட்டி அடுத்த படகில் கனி பாய்க்கு அனுப்பிவிட வேண்டும். அவர் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். இதைக் கண்டுபிடித்த அன்று நான் சோறே சாப்பிடவில்லை, அவ்வளவு பூரிப்பு.

இன்னும் ஒன்று பாக்கி. தாஸ் பாபு தெரிந்த முகம் என்றால் சொல்லே கேட்காமல் உள்ளே விட்டுவிடுவார். "அரே, இவரை எனக்குத் தெரியாதா" என்பார். ஆகவே ஆறாம் விதி: "ஆபரேட்டர் முகத்தைப் பார்க்கக் கூடாது. எண்ணும் சொல்லும் சரியாக இருந்தால் வந்தவரே உறுப்பினர்." அதைச் சிவப்பு மையில் எழுதி அறையிலும் ஒட்டினேன். கையேட்டில் எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான்.

4

இந்தப் பெருமையெல்லாம் இருந்தும் ஊருக்குத் திரும்ப ஏன் முடிவு செய்தேன் என்றால், என் மகள் வள்ளியால். அவளுக்குப் பத்து வயது. இங்கே வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லாருக்கும் பொதுப் பேச்சு ஹிந்தி. அதுவும் தீவுக்கென்றே உள்ள ஹிந்தி. வள்ளி கனவில் உளறுவதும் அதில்தான். ஒருநாள், "அப்பா, ஜஹாஸ் எப்ப ஆயேகா? மேரா ரிப்பன் அதுல வரும்ல?" என்றாள். கப்பல் எப்போது வரும், தன் ரிப்பன் அதில் வருமா என்று கேட்கிறாளாம். அன்று ராத்திரியே அண்ணனுக்கு எழுதினேன். அவர் மில்லில் எனக்கு ஒரு வேலை பேசி வைத்தார். நான் கப்பலுக்கு விண்ணப்பம் போட்டேன், மூன்று பிரதியில். மூன்று பேருக்கும் ஒரே கப்பலில் இடம் கிடைத்தது. தெருவே வந்து கைகுலுக்கியது.

என் மனைவி பாக்கியத்திடம் அதைச் சொன்னபோது அவள் இஞ்சிப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். "வள்ளிக்குத் தமிழ் வரலைன்னுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அவ தெருவுல என்ன வெளையாடுதான்னு பாத்தியளா?" என்றாள்.

போய்ப் பார்த்தேன். வள்ளி ஒரு வீட்டு வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டு நிற்கிறாள். எதிரே வங்காளிப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் வரிசையில். "எண் சொல்லு! சொல் சொல்லு! மூன்று முறை தவறினால் படகு வரும்வரை பூட்டு!" என்று அச்சுத் தமிழில் அதட்டுகிறாள். வீட்டில் கிடந்த கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்து மனப்பாடமே செய்திருந்தாள். ஒரு வங்காளிப் பொடிசு, "வெளியேறுகிறேன்" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனது. விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துவிட்டு, பெட்டி கட்டக் கயிறு வாங்கப் போய்விட்டேன். பாக்கியம் எதற்காக அதைப் பார்க்கச் சொன்னாள் என்று யோசிக்கவில்லை.

5

கப்பலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மரம் எண்ணுவதற்காகக் காட்டு முகாமுக்குப் போனேன். வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கள் சாயங்காலம் வயர்லெஸ் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் ஒலிபெருக்கியில் கனி பாய் குரல்.

"எண் பதினேழு விட்டுக்குடுத்த மூணு எடத்துக்கு நாலு குடும்பம் கேட்டிருக்கு. புதன்கிழமை மடல்ல போட்டுட்டு, கையோட கப்பல் ஆபீசுல குடுத்திருதேன். கிளார்க்கு, நீரு போகலன்னு கேட்டு மனசு குளுந்துச்சு வே!"

தாஸ் பாபுவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். யார் வந்தது? யார் என் எண்ணில் நுழைந்தது?

அவர் நிதானமாகச் சுவரில் இருந்த சிவப்பு வரியைக் காட்டினார். "சேஹரா நஹீ தேகா, கிளார்க் பாபு. ஆப்னே ஹி லிகா ஹை." முகத்தைப் பார்க்கவில்லையாம், நான்தானே எழுதினேனாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸாடி ஹரா தா" என்றார்.

பச்சைப் புடவை. என் வீட்டில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

உடனே நாற்காலியில் உட்கார்ந்தேன். "எண் பதினேழு. விட்டுக்கொடுத்ததை ரத்து செய்யணும். சொல்: படாக்."

"செத்த சொல்லு வே," என்றார் கனி பாய். "வெள்ளிக்கிழமை சொன்னது அதுதான். புதுச் சொல்லு ஞாயித்துக்கிழமை படகுல உறையில வந்திருச்சு. பதிஞ்சுட்டேன்."

"கனி பாய், என் குரல் உமக்குத் தெரியாதா?"

"கொரலைக் கேட்டு உள்ள விடலாம்னு ஒம்ம புஸ்தகத்துல இருக்கா?"

என் ரகசியச் சொற்களெல்லாம் ஆலைப் பதிவேட்டிலிருந்து எடுத்த மரப்பெயர்கள். அடுத்தது வழக்கமாகக் குர்ஜன். குர்ஜன் என்றேன். இல்லை. பாக்கி ஒரே ஒரு முயற்சி. அதுவும் தவறினால் அடுத்த படகு வியாழக்கிழமை. அதற்குள் மடல் அச்சாகி, எங்கள் இடத்தில் வேறு யாரோ ஏறிவிடுவார்கள். அடுத்த வாய்ப்பு எந்த மழைக்கோ வெயிலுக்கோ. அண்ணன் பேசி வைத்த வேலை காத்திருக்காது.

வீட்டுக்குப் போய்ப் பாக்கியத்திடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னுடைய கையேடு இருக்கும்போது ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு வீம்பு. சொல் மறந்தவருக்கு இரண்டு சாட்சி போதும் என்ற ஒன்பதாம் விதி இருக்கிறதே. அவளும் வழக்கம்போல எனக்கு மீன் குழம்பு ஊற்றினாள்.

6

செவ்வாய்க்கிழமை காலையிலேயே சாட்சி தேடிப் புறப்பட்டேன். முதலில் ராமையா. ரம்பத்தைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"நீரு நீருதான்னு நான் எப்படிவே சொல்லுவேன்?"

"யோவ், பன்னிரண்டு வருஷமா பக்கத்து வீட்டுல இருக்கேன்!"

"அது மொகம். மொகத்தைப் பாக்கப்பிடாதுன்னு செவப்பு மையில போட்டிருக்கு." அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "போவாதயும் வே. நீரு போனா இந்தத் தீவுல சிரிக்க யாரு இருக்கா?"

மெக்கானிக்கிடம் போனேன். தன் மகன் பிறந்த செய்தி ராமையா பெயரில் வந்ததிலிருந்து கையேட்டின் மேல் நம்பிக்கை போய்விட்டது என்றார். இன்னும் ஆறு வீடு ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுத்தார்கள், சாட்சி கொடுக்கவில்லை. பேசி வைத்துக்கொண்டார்களோ என்று சந்தேகப்பட்டு ஒருவரை அதட்டினேன். "பாக்கியம் அக்கா யாரையும் ஒண்ணும் கேக்கலியே," என்றார் அவர். "நாங்களாத்தான்." ஆறு காபி வயிற்றில் கடகடவென்று ஆட, கோபத்தில் பாதியும் சிரிப்பில் பாதியுமாக வீட்டுக்கு வந்தேன். மணி நாலு.

பாக்கியம் வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அதே பச்சைப் புடவை.

"படாக்குன்னு எப்படித் தெரிஞ்சது?" என்றேன். இவ்வளவுக்கும் பிறகு நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவ்வளவு அற்பம் நான்.

"குளிக்கும்போது சொல்லிச் சொல்லிப் பாக்கிய. தெருவுக்கே தெரியும்."

"ஏன் செஞ்ச?"

அவள் மீனைத் தட்டில் வைத்தாள். "மூணு பிரதி எழுதுனியளே. மூணுலயும் எம் பேரு இருக்கு. ஒண்ணுலயாவது என்னைக் கேட்டியளா? வர்றியான்னு?"

"சொன்னேனே."

"சொன்னிய. கேக்கல." குரல் உயரவே இல்லை. "அங்க போனா நான் சின்ன மருமக. பெரியவ சமைச்சது போக மிச்ச வேலை எனக்கு. இங்க இந்தப் பொம்பளையெல்லாம் என்னைப் பேரு சொல்லிக் கூப்புடுதாங்க. தையல் சொல்லிக் குடுக்கேன், பாத்தி போட்டிருக்கேன், எல்லா வீட்டுக்கும் போறேன் வாரேன். எனக்கு இங்க நல்லாருக்கு. அதை உங்ககிட்ட மூணு வாட்டி சொல்லிப் பாத்தேன். நீங்க கயிறு வாங்கப் போயிட்டிய. வயர்லெஸ்ல சொன்னாத்தான் உங்களுக்குக் காது கேக்கும்னு தோணிச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை, வெட்கம்தான். குடும்பத்துக்கு ஒரே எண் என்று எழுதியபோது அந்தக் குடும்பத்தில் இவளும் இருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் செஞ்சதும் தப்புதான். உங்க பேருல பேசிட்டேன். புதுச் சொல்லு இஞ்சி. இன்னும் கால் மணி இருக்கு, போயி எடத்தைத் திரும்ப வாங்கிக்கிடுங்க. நீங்க போகணும்னா நான் வாரேன். அழுதுக்கிட்டு வர மாட்டேன், பயப்படாதிய."

7

இஞ்சியாம். ஆயிரம் வருஷம் மரப்பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தாலும் எனக்குத் தோன்றியிருக்காது.

ஓடினேன். வயர்லெஸ் அறை வாசலில் ஊரே கூடியிருந்தது. ராமையா, மெக்கானிக், காபி கொடுத்த அத்தனை வீட்டுக்காரர்கள், வரிசையின் முன்னால் வள்ளி. யாரும் சிரிக்கவில்லை. தாஸ் பாபு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு மைக்கை நீட்டினார்.

"எண் பதினேழு. உள்ளே வரலாமா?"

"சொல்லு?"

"இஞ்சி."

ஒரு கணம் இரைச்சல். பிறகு கனி பாய், மனசே இல்லாமல், "சரியான சொல்லு. உள்ள வாரும். ரத்து செய்யணுமா?" என்றார்.

இதைப் படிக்கிற அண்ணன் இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். எனக்கு மட்டும் என்ன? மில் வேலை கண்ணில் வந்தது. வாய் திறந்தால் மூன்று இடமும் என்னுடையது. ஆனால் இந்தச் சொல் என்னுடையதில்லை. அவள் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு அவளையே கப்பலில் ஏற்றுவதா?

"ரத்து வேண்டாம்," என்றேன். "நாலு குடும்பத்துல அவசரம் யாருக்கோ அவங்களுக்கு இடத்தைக் குடுத்துருங்க. செய்தி வேற. எழுதிக்கிடும். எண் பதினேழு இனிமேல் பாக்கியம் பேருல. குடும்பத்துக்கு ஒரு எண்ணுங்கிற விதியை அடிச்சிரும். ஆளுக்கு ஒரு எண்."

"அப்போ ஒமக்கு?"

"புதுசா விண்ணப்பம் போடுறேன். வெளியேறுகிறேன்."

வெளியே வந்தால் ஒரே ஆரவாரம். ராமையா என்னைத் தூக்கிவிட்டார். ரம்பம் தீட்டுகிற கை, இறக்கிவிட மறந்துவிட்டார். வள்ளி கூடவே குதித்துக்கொண்டு, "அப்பா, ஆப்கா நம்பர் க்யா?" என்று என் எண்ணைக் கேட்டுக் கத்தினாள். நம்பர் இல்லை என்று மேலிருந்தே சொன்னேன். நம்பர் இல்லாதவனாக இருப்பது ஏனோ அன்று பிரமாதமாக இருந்தது.

அந்த வாரமே சட்டம் பேசிக் கனி பாய் ஒரு கடிதம் அனுப்பினார். காதணி விழாவுக்குப் பிறகு புதிதாகச் சேருகிறவரை ஏற்கெனவே உள்ள ஓர் உறுப்பினர் பரிந்துரைக்க வேண்டும், அதற்கும் ஒரு பாரம் உண்டு, கிளார்க் என்பதற்காக விட்டுவிட முடியாது என்று. பாரத்தைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். அவள் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் எழுதினாள். ஒட்டிய உறையில் படகேறிப் போனதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுவாரம் எனக்கு எண் ஐம்பத்தெட்டு வந்தது. கூடவே கனி பாய், ஆசை தாங்காமல், பாரத்தின் நகலையும் வைத்து அனுப்பியிருந்தார். அண்ணனுக்கு என்னால் தர முடிந்த பதில் அதில் இருப்பதால் அப்படியே எழுதிவிடுகிறேன்.

பரிந்துரைப்பவர்: பாக்கியம், எண் பதினேழு.

விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாகத் தெரியும்: பதிமூன்று வருஷம்.

அவருடைய நடத்தை: சொன்னால் கேட்பார். கேட்கக் கொஞ்ச நாள் ஆகும்.

தீவில் எவ்வளவு காலம் தங்குவார்: என்னிடம் கேட்டுச் சொல்வார்.